மேக்ரோ: தளம் விட்டுத் தளம்

மாதக் கடைசியில் ஒரே பொத்தானை அழுத்திச் சம்பளப் பட்டியல் முழுவதையும் அச்சிட்டு எடுக்கும் கணக்கர் தன்னைப் புரோகிராமர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஸ்டோர் கீப்பரும், தேர்வுப் பிரிவு எழுத்தரும், ஆய்வகத்தில் அளவீடுகளைத் தொகுக்கும் மாணவியும் அப்படித்தான். ஆனால் அவர்கள் எக்செல்லில் எழுதி வைத்திருக்கும் மேக்ரோ ஒரு முழுமையான நிரல். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்த ஒருவர், அந்த வேலையின் நெளிவுசுளிவு தெரிந்த அதே கையால் எழுதிய நிரல். அதனாலேயே அதன்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இந்த மேக்ரோவுக்கு இப்போது 40 வயது தாண்டிவிட்டது. டாஸ், மேகின்டோஷ், விண்டோஸ், லினக்ஸ், இணையம் என்று அது இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு இடமாற்றத்திலும் எங்காவது கால் இடறியிருக்கிறது. இடறிய இடங்களை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கூட்டல், கழித்தல், நிபந்தனை என்று மேக்ரோவின் உள்ளே இருக்கும் கணக்கு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அந்தக் கணினி இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று எழுதியவர் சொல்லாமல் நம்பிக்கொண்ட விஷயங்களே முதலில் உடைகின்றன.

விசைகளின் வரிசை

டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் எல்லாம் தாமே மாறும் என்பதே அன்றைக்குப் பெரிய அதிசயம். ஆனால் அதில் மேக்ரோ கிடையாது. ஒவ்வொரு மாதமும் அதே விசைகளை அதே வரிசையில் மனிதரேதான் தட்ட வேண்டும்.

1983 ஜனவரியில் ஐபிஎம் பிசிக்கு லோட்டஸ் 1-2-3 வந்தது. மிட்ச் கேப்போர் தொடங்கிய நிறுவனம்; நிரலை எழுதியவர் ஜோனத்தன் சாக்ஸ். அசெம்பிளி மொழியில் எழுதி, திரை நினைவகத்திலேயே நேரடியாக எழுத்துகளைப் பதித்ததால் அது அன்றைய கணினியில் அசாத்திய வேகத்தில் ஓடியது. அதன் மேக்ரோவோ மிக எளிய யோசனை: விசைப்பலகையில் என்ன தட்டுவீர்களோ அதையே ஒரு செல்லில் எழுதி வையுங்கள், நான் உங்களுக்காகத் தட்டுகிறேன்.

கிட்டப்போய் ஒன்றைப் பார்க்கலாம். ஃபைலைச் சேமிக்கும் மேக்ரோவுக்கு ஐந்தே குறிகள்தான்: சாய்கோடு, எஃப், எஸ், ~, ஆர். சாய்கோடு மெனுவைத் திறக்கும். எஃப் என்றால் ஃபைல், எஸ் என்றால் சேவ். ~ குறி என்டர் விசைக்கு நிகர். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருப்பதால் ‘மாற்றி எழுதவா’ என்று லோட்டஸ் கேட்கும். அதற்குப் பதில் ஆர், அதாவது ரிப்ளேஸ். இதைச் செல்லில் எழுதும்போது முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். இல்லாவிட்டால் சாய்கோட்டைத் தட்டிய கணமே மெனு திறந்துகொள்ளும். பிறகு அந்தச் செல்லுக்கு \எஸ் என்று பெயர் வைத்தால், ஆல்ட் விசையோடு எஸ் அழுத்தும்போதெல்லாம் ஃபைல் சேமிக்கப்படும்.

லோட்டஸைப் பயன்படுத்தத் தெரிந்த எவரும் அதில் மேக்ரோ எழுதிவிடலாம். தனியாக ஒரு மொழியைக் கற்க வேண்டியதில்லை. கைக்குப் பழகிய மெனுவே மொழி. நிபந்தனை பார்ப்பதற்கும், வேறொரு செல்லுக்குத் தாவி அங்கிருந்து தொடர்வதற்கும் சில தனிக் கட்டளைகள் இருந்தன. 1985இல் வந்த இரண்டாம் வெளியீட்டில் நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதும் கட்டளைகள் பெருகின. கணக்கர்கள் அவற்றை வைத்துச் சரக்கிருப்பு முறையையே கட்டினார்கள்.

இந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. மேக்ரோ நினைவில் வைத்திருந்தது மெனுச் சொற்களின் முதலெழுத்துகளை மட்டுமே. ஃபைல் என்பது வேறு மென்பொருளில் வேறு பெயரில் இருந்தால் எஃப் என்ற எழுத்துக்கு அங்கே அர்த்தமே கிடையாது. லோட்டஸை விட்டு வெளியே வந்தால் மேக்ரோவுக்கு மூச்சு நின்றுவிடும்.

உச்ச நீதிமன்றப் படியேறிய மெனு

போர்லாண்ட் நிறுவனம் தன் குவாட்ரோ மென்பொருளை விற்க முனைந்தபோது இதுதான் சுவராக நின்றது. அலுவலகங்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த லோட்டஸ் மேக்ரோக்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய மென்பொருளுக்கு யார் மாறுவார்கள்? எனவே போர்லாண்ட் லோட்டஸின் மெனு வரிசையை, அதே சொற்கள் அதே அடுக்கில், தன் மென்பொருளுக்குள் வைத்தது. பழைய மேக்ரோக்கள் அங்கே ஓடின. லோட்டஸ் 1990இல் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது.

மாவட்ட நீதிமன்றத்தில் லோட்டஸ் வென்றது. பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995 மார்ச்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மெனு வரிசை என்பது மென்பொருளை இயக்கும் முறை. இயக்கும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி மைக்கேல் பூடின் தனியாக எழுதிய இணக்கக் கருத்தில் மேக்ரோ எழுதியவர்களைப் பற்றிப் பேசினார். லோட்டஸைக் கற்று, தம் சொந்த மேக்ரோக்களை எழுதிக்கொண்டவர்கள் அந்த உழைப்பினாலேயே லோட்டஸிடம் சிறைப்பட்டுவிடக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு நீதிபதி விலகிக்கொள்ள, 1996 ஜனவரியில் மற்ற எட்டுப் பேரும் நாலுக்கு நாலு எனப் பிரிந்தார்கள். சமமாகப் பிரிந்தால் கீழ்த் தீர்ப்பே நிற்கும். போர்லாண்ட் வென்றது.

மேக்ரோவின் பயணத்தில் இதை ஒரு மைல்கல்லாகவே கருதுகிறேன். மேக்ரோவில் இருக்கும் உழைப்பு மென்பொருள் விற்றவருடையதா, அதில் உட்கார்ந்து வேலை பார்த்தவருடையதா என்ற கேள்வி நீதிமன்றத்தில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அந்தக் கேள்வி பிறகும் பலமுறை எழுந்தது. ஆனால் அப்போதெல்லாம் அதைக் கேட்க நீதிமன்றம் இருக்கவில்லை.

இரண்டு வீடுகள், இரண்டு நாள்காட்டிகள்

வழக்கு நடப்பதற்கு முன்பே மேக்ரோ வேறொரு வீட்டில் வளரத் தொடங்கியிருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்செல் முதலில் வந்தது விண்டோஸுக்கு அல்ல. 1985இல் ஆப்பிளின் மேகின்டோஷுக்கு. அங்கே மவுஸ் இருந்தது. மெனு எழுத்துகளைத் தட்டும் பழக்கம் இல்லை. ஆகவே எக்செல் வேறு வழியில் போனது. மேக்ரோவுக்கென்று தனித்தாள், அதில் ஒரு செல்லுக்கு ஒரு ஃபங்ஷன். மேலிருந்து கீழாக ஒவ்வொரு செல்லாகப் படித்து எக்செல் அவற்றை நிறைவேற்றும். 1987இல் எக்செல் விண்டோஸுக்கு வந்தபோது ஒரே மென்பொருள் இரண்டு இயங்குதளங்களில் வாழத் தொடங்கியது. இடறல்களும் அங்கேயே தொடங்கின.

முதல் இடறல் தேதி. எக்செல்லுக்குத் தேதி என்பது ஒரு வரிசை எண். விண்டோஸ் எக்செல்லில் 1900 ஜனவரி 1 என்பது எண் 1. மேகின்டோஷின் கடிகாரமோ 1904 ஜனவரி 1இல் தொடங்கியது; எனவே மேக் எக்செல்லில் அந்த நாள் எண் 0. இரண்டுக்கும் இடையே 1462 நாள் வித்தியாசம். ஒரு தளத்தில் எழுதிய தேதியை எண்ணாகப் படித்து மறு தளத்துத் தாளில் ஒட்டும் மேக்ரோ, நாலு வருடமும் ஒரு நாளும் தள்ளி நிற்கும். கூட்டலில் பிழை இல்லை, திரையில் பிழைச் செய்தியும் வராது. பணி ஓய்வு தேதி மட்டும் தவறாக அச்சாகும். மேக் எக்செல் தன் புதிய ஃபைல்களுக்கு 1900 கணக்கை இயல்பாக ஏற்றது 2011 பதிப்பில்தான். 1904 கணக்கில் பிறந்த பழைய ஃபைல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

அந்த 1462இல் ஒரு நாள், நாள்காட்டியில் இல்லாத நாள். லோட்டஸ் 1-2-3 1900ஆம் ஆண்டை லீப் வருடமாகக் கணக்கிட்டது. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம். 1900 அப்படி வகுபடாது. ஆனால் லோட்டஸ் ஃபைல்களைத் திறந்தால் தேதி மாறக் கூடாது என்பதற்காக எக்செல் தெரிந்தே அந்தப் பிழையை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் எக்செல்லில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்று காட்டும்.

இந்த இல்லாத நாள், எக்செல்லின் புதிய மேக்ரோ மொழி பிறந்த அறைக்குள்ளும் வந்தது. எக்செல்லுக்கு பேசிக் மொழியை அடிப்படையாகக் கொண்ட மேக்ரோ மொழியைத் திட்டமிட்டவர் ஜோயல் ஸ்போல்ஸ்கி. 1992 ஜூனில் அவருடைய சுமார் 500 பக்க வரைவைப் படித்துவிட்டு வந்த பில் கேட்ஸ் கேட்ட கடினமான கேள்வி, தேதி ஃபங்ஷன்களைப் பற்றியது. 1900 ஜனவரி, பிப்ரவரி தவிர மற்ற மாதங்களில் எல்லாம் சரியாக வரும் என்று ஸ்போல்ஸ்கியால் பதில் சொல்ல முடிந்தது. காரணம், பேசிக்கின் நாள்கணக்கு ஒரு நாள் முன்னதாகத் தொடங்குகிறது. அதனால் 1900 மார்ச் 1 முதல் இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகின்றன. அந்த இரண்டு மாதங்களில் மட்டும் மேக்ரோவும் தாளும் ஒரு நாள் வேறுபடும்.

வி.பி.ஏ. கொடுத்த வாக்கு

அந்த வரைவிலிருந்து வந்ததே விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ், சுருக்கமாக வி.பி.ஏ. 1993இல் விண்டோஸ் எக்செல் 5இல் வந்தது. அடுத்த ஆண்டு மேக் எக்செல் 5இலும் வந்தது. ஒரே மொழி, இரண்டு தளங்கள். ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓடும் என்பது எழுதப்படாத வாக்கு.

அந்த வாக்கு பாதி உண்மை. தாளில் உள்ள வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, குறிப்பிட்ட துறையின் தொகையைக் கூட்டி, வேறொரு தாளில் எழுதும் மேக்ரோ இரண்டிலும் ஒரே மாதிரி ஓடியது. எக்செல்லை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் வரிகளில்தான் சிக்கல். ஜூன் மாத ஃபைலைத் திறக்க விண்டோஸில் இப்படி எழுதுவார்கள்:

சி:\கணக்கு\ஜூன்

பழைய மேகின்டோஷில் அதே இடத்தைக் குறிக்கும் விதம்:

ஹார்ட் டிஸ்க்:கணக்கு:ஜூன்

லினக்ஸில்:

/ஹோம்/கணக்கு/ஜூன்

மூன்றும் ஒரே ஃபைல்தான். ஆனால் பேக்ஸ்லாஷை நிரலுக்குள் நேரடியாக எழுதி வைத்த மேக்ரோவுக்கு மேகின்டோஷில் அந்த ஃபைலே இல்லை. பெயரிலும் பேதம் உண்டு. டாஸில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று. பழைய மேகின்டோஷில் 31 எழுத்துவரை வைக்கலாம். லினக்ஸோ ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகப் பார்க்கும். டெக்ஸ்ட் ஃபைலில் வரி முடிவதைக் காட்டும் குறிகூட மூன்று தளங்களுக்கும் மூன்று விதம். விண்டோஸில் இரண்டு குறிகள் சேர்ந்து வரும். லினக்ஸில் அவற்றில் ஒன்று. பழைய மேகின்டோஷில் மற்றொன்று. ஒரு தளத்தில் ஆயிரம் வரியாக இருந்த வங்கி அறிக்கை மறு தளத்தில் ஒரே நீண்ட வரியாகி விழுவது இதனால்தான்.

1995இல் வந்த கான்செப்ட் என்ற மேக்ரோ வைரஸ் இதை மறுபக்கத்திலிருந்து காட்டியது. வேர்டு ஆவணங்களில் ஒட்டிக்கொண்டு பரவிய அது விண்டோஸிலும் மேகின்டோஷிலும் தடையின்றி ஓடியது. தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் வேர்டின் உள்ளிருந்தே எடுத்துக்கொண்டதால் கீழே எந்தத் தளம் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. அது வைரஸ்தான் என்றாலும், தாய் மென்பொருளுக்குள்ளேயே நிற்கும் மேக்ரோ எத்தனை தூரம் போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி அந்தக் காலத்தில் இல்லை.

நல்ல மேக்ரோக்களோ விண்டோஸின் மேல் மேலும் மேலும் சாய்ந்தன. பட்டியலில் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க உதவும் டிக்‌ஷனரி என்ற வசதி எக்செல்லுக்குச் சொந்தமானதல்ல. விண்டோஸோடு வரும் தனி நூலகத்தில் இருப்பது. ஃபைல்களை வரிசையாக எடுத்துத் தரும் வசதியும் அதே நூலகத்தில்தான். ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்களும் அப்படியே. இவை மேக்கில் இல்லை. எழுதியவருக்கு இந்தப் பிரிவினை கண்ணில் படுவதே இல்லை; எல்லாம் எக்செல்லின் பகுதி என்றுதான் நினைத்திருப்பார்.

மொழியும் இரண்டு வேகத்தில் வளர்ந்தது. ஆபிஸ் 2000 வந்தபோது விண்டோஸுக்கு வி.பி.ஏ. 6 கிடைத்தது. ஒரு சொற்றொடரைத் துண்டுகளாக வெட்டவும், ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் இடவும் அதில் ஆயத்த ஃபங்ஷன்கள் வந்தன. மேக் 2004 பதிப்பு வரை வி.பி.ஏ. 5இலேயே நின்றது. விண்டோஸில் ஒரே வரியில் முடியும் வேலைக்கு மேக்கில் பத்து வரி எழுத வேண்டியிருந்தது.

மேக்கில் ஒரு மறைவும் மறுபிறப்பும்

2005 ஜூனில் ஆப்பிள் பவர்பிசி சிப்பை விட்டு இன்டெல்லுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட், மேக்குக்கான அடுத்த ஆபிஸில் வி.பி.ஏ. இருக்காது என்றது. அதற்கான காரணத்தை அந்தக் குழுவின் பொறியாளர் எரிக் ஷ்வீபர்ட் விரிவாகவே விளக்கினார். மேக்ரோவை வரிவரியாக நிறைவேற்றும் உள்விசை பவர்பிசியின் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டிருந்தது. நினைவகத்தில் தரவு எந்த வரிசையில் அடுக்கப்படும் என்பதுவரை பழைய கம்பைலரின் பழக்கங்களோடு அது பின்னிக் கிடந்தது. இன்டெல்லுக்குக் கொண்டுவர வேண்டுமானால் பெரும்பகுதியைப் புதிதாக எழுத வேண்டும். அதற்காகக் காத்திருந்தால் முழு ஆபிஸும் தள்ளிப்போகும்.

பொறியியல் காரணம் நியாயமானதே. ஆனால் விளைவைச் சுமந்தவர்கள் அந்த முடிவில் பங்கு இல்லாதவர்கள். 2008 ஜனவரியில் வந்த மேக் எக்செல் மேக்ரோக்களை ஓட்டவில்லை. வி.பி.ஏ.வைச் சார்ந்திருந்த சால்வர் கருவியும் அதிலிருந்து மறைந்தது. ஆப்பிள்ஸ்கிரிப்ட்டில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்பதே வழிகாட்டல். பத்தாண்டாகச் சேர்த்த மேக்ரோக்களை இன்னொரு மொழியில் யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? பல அலுவலகங்கள் 2004 பதிப்பிலேயே தங்கிவிட்டன. சில மாதங்களுக்குள், 2008 மே மாதத்தில், அடுத்த பதிப்பில் வி.பி.ஏ. திரும்பும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சொன்னபடி 2010 அக்டோபரில் வந்த ஆபிஸ் 2011இல் திரும்பியது.

அதற்குள் விண்டோஸ் பக்கம் 64 பிட் ஆபிஸ் 2010 வந்திருந்தது. விண்டோஸின் உள் நூலகங்களை நேரடியாக அழைக்கும் மேக்ரோ வரிகள் எல்லாவற்றிலும் ஒரு புதிய சொல்லைச் சேர்த்தால்தான் அவை ஓடும் என்றானது. தளம் மாறாமலே, ஆபிஸின் பிட் அகலம் மாறியதால் மட்டும் மேக்ரோ இடறிய இடம் அது.

மேக்கிலும் அமைதி நீடிக்கவில்லை. 2011 பதிப்பில் ஃபோல்டர்களுக்கு இடையே முக்காற்புள்ளி. 2016 பதிப்பில் அது சாய்கோடாக மாறியது. அதே மேக், அதே இயங்குதளம், எக்செல் மட்டும் புதிது. 2016இல் எக்செல் ஒரு பாதுகாப்பு வேலிக்குள் அடைக்கப்பட்டது. பயனரைக் கேட்காமல் வேலிக்கு வெளியே உள்ள எந்த ஃபைலையும் அதனால் திறக்க முடியாது. முப்பது கிளைகளின் அறிக்கைகளைத் திறந்து தொகுக்கும் மேக்ரோ, ஒவ்வொரு ஃபைலுக்கும் அனுமதி கேட்டு நின்றது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் அனுமதி வாங்கும் கட்டளை இருக்கிறது. அது விண்டோஸில் இல்லை. எனவே ‘மேக் என்றால் இது, இல்லையென்றால் அது’ என்று பிரித்து எழுதும் வரிகள் தவிர்க்க முடியாதவை ஆகிவிட்டன.

லினக்ஸில் வேறொரு எண்ணிக்கை

லினக்ஸுக்கு எக்செல் வரவே இல்லை. அங்கே மேக்ரோ வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. ஜெர்மனியின் ஸ்டார்டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார்ஆபிஸை சன் நிறுவனம் 1999இல் வாங்கி, அடுத்த ஆண்டு ஓப்பன்ஆபிஸ் என்று திறந்த மூலமாக்கியது. 2010இல் அதிலிருந்து லிப்ரெஆபிஸ் பிரிந்தது. அதன் கால்க் தாளிலும் பேசிக் மொழியில் மேக்ரோ எழுதலாம், பைத்தானிலும் எழுதலாம். பேசிக் என்று பெயர் ஒன்றானாலும் தாளைத் தொடும் விதம் வேறு.

முதல் பத்தியில் மூன்றாம் வரிசையில் இருக்கும் செல்லை எடுத்துக்கொள்வோம். எக்செல்லில் முதலில் வரிசை, பிறகு பத்தி, எண்ணிக்கை ஒன்றிலிருந்து: (3, 1). கால்க்கின் சொந்த முறையில் முதலில் பத்தி, பிறகு வரிசை, எண்ணிக்கை சுழியத்திலிருந்து: (0, 2). இரண்டையும் கலந்து எழுதினால் மேக்ரோ நிற்காது. தவறான செல்லிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு நிம்மதியாக ஓடி முடியும். இடறி விழும் மேக்ரோவைவிடத் தவறாக ஓடி முடியும் மேக்ரோதான் ஆபத்தானது.

இந்த இடைவெளியைக் குறைக்க லிப்ரெஆபிஸ் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. மேக்ரோவின் தலையில் ஒரு வரியைச் சேர்த்தால் அது வி.பி.ஏ.வின் முறையிலேயே செல்களை எண்ணும். எக்செல்லின் பல கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். எக்செல் ஃபைலைத் திறக்கும்போது அந்த வரியைத் தானே சேர்த்துக்கொள்ளவும் செய்கிறது. எல்லா மேக்ரோவும் ஓடிவிடாது. தாளுக்குள்ளேயே நிற்கும் மேக்ரோக்கள் பல ஓடுகின்றன.

தமிழ் எழுத்தும் கேள்விக்குறியும்

நமக்கென்று ஒரு தனி இடறலும் உண்டு. எக்செல் செல்லில் தமிழ் அழகாகத் தெரியும். விண்டோஸில் வி.பி.ஏ. எடிட்டரைத் திறந்து ‘தமிழ்’ என்று தட்டினால் ????? என்று ஐந்து கேள்விக்குறிகள் வரும். எழுத்து மூன்றுதான், ஆனால் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறி. 1990களில் வடிவமைத்த அந்த எடிட்டர் யூனிகோடுக்கு முந்தைய விண்டோஸ் எழுத்து அட்டவணையைக் கொண்டே இன்னும் இயங்குகிறது. அந்த அட்டவணைகளில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்படவே இல்லை.

எண்ணாகக் கொடுத்தால் வி.பி.ஏ. ஏற்றுக்கொள்ளும்: 2980, 2990, 3007, 2996, 3021. இந்த ஐந்தையும் எழுத்தாக மாற்றும் ஃபங்ஷனுக்குக் கொடுத்துச் சேர்த்தால் செல்லில் ‘தமிழ்’ என்று வரும். ஆனால் ஒரு முழு ரசீதின் வாசகங்களை இப்படி எண்களாக எழுத முடியாது. அதைவிட நல்ல வழி, தமிழ் வாசகங்களை எல்லாம் தனி ஷீட்டில் செல்களில் எழுதி வைத்து, மேக்ரோ அங்கிருந்து படித்துக்கொள்ளச் செய்வது. செல் யூனிகோடு அறிந்தது. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் அதே தமிழ் கிடைக்கும். வாசகத்தைத் திருத்த நினைப்பவர் மேக்ரோவைத் தொடவே வேண்டியதில்லை. லிப்ரெஆபிஸில் இந்தத் தொல்லை இல்லை. மேக்ரோவுக்குள்ளேயே தமிழில் எழுதலாம்.

தளமே இல்லாத தளம்

2009இல் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வந்தபோது மேக்ரோ கணினியை விட்டே வெளியேறியது. கூகுள் ஷீட்ஸில் எழுதும் மேக்ரோ ஜாவாஸ்கிரிப்ட்டில் அமைந்தது. ஓடுவது கூகுளின் சர்வரில். பார்ப்பவர் விண்டோஸில் இருந்தாலும் லினக்ஸில் இருந்தாலும் ஒரே விடை. பேக்ஸ்லாஷ் தகராறு இல்லை, ஏனென்றால் அங்கே சி டிரைவே இல்லை. அதற்குப் பதிலாக வேறு வரம்புகள் வந்தன: ஒரு ஓட்டம் ஆறு நிமிடத்தைத் தாண்டினால் சர்வர் அதை நிறுத்திவிடும். மைக்ரோசாஃப்ட்டும் அதே வழியில் ஆபிஸ் ஸ்கிரிப்ட்ஸைக் கொண்டுவந்தது. அதன் மொழி டைப்ஸ்கிரிப்ட். பிரவுசரில் திறக்கும் எக்செல் வி.பி.ஏ.வை ஓட்டாது. 2023இல் அறிவித்த எக்செல் பைத்தானும் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில்தான் ஓடுகிறது. நம் கணினியில் உள்ள ஃபைலை அது தொடாது.

இதே காலத்தில் பாதுகாப்புக் கதவுகளும் இறுகின. 1985 முதல் வழிவழியாக வந்த தாள் மேக்ரோக்களை எக்செல் 2022 தொடக்கத்தில் இயல்பாகவே முடக்கி வைத்தது. இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களில் உள்ள வி.பி.ஏ. மேக்ரோக்களையும் அதே ஆண்டு விண்டோஸ் ஆபிஸ் தடுக்கத் தொடங்கியது. மேக்ரோ வைரஸ்கள் செய்த சேதத்தைப் பார்த்தால் தடுப்பு தேவைதான். ஆனாலும் பக்கத்துக் கிளைக்கு மின்னஞ்சலில் அனுப்பிய ஒழுங்கான மேக்ரோவும் அதே கதவில் நிற்கிறது.

எழுதுகிறவர்களுக்கு

இத்தனை இடமாற்றங்களுக்குப் பிறகும் மேக்ரோ சாகவில்லை. வேலை தெரிந்தவர் தன் வேலையைத் தானே எளிதாக்கிக்கொள்ளும் தேவை இருக்கும்வரை அது சாகாது. அடுத்த இடமாற்றம் வரும் என்பதும் உறுதி. அதை நிறுத்துவது நம் கையில் இல்லை. அதற்குத் தயாராக இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மேக்ரோ எழுதும் எல்லாரிடமும் நான் வற்புறுத்துவது இவை. ஃபைல் இருக்கும் இடத்தை நிரலுக்குள் எழுதாதீர்கள். இந்தத் தாள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, இங்கே பிரிப்புக் குறி எது என்று எக்செல்லிடமே கேட்கலாம். அல்லது ஃபைலைத் தேர்ந்தெடுக்கும்படி பயனரிடம் கேட்கலாம். கணக்குப் போடும் வரிகளை ஒரு இடத்திலும், ஃபைல் திறப்பது, அச்சிடுவது, மின்னஞ்சல் அனுப்புவது போன்று தளத்தைத் தொடும் வரிகளை வேறொரு இடத்திலும் வையுங்கள். தளம் மாறினால் இரண்டாவதை மட்டும் திருத்தினால் போதும். எக்செல்லின் சொந்த வசதியால் முடியும் வேலைக்கு விண்டோஸின் நூலகத்தைக் கூப்பிடாதீர்கள். இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோனதும் முதலில் ஒரு தேதியைச் சரிபாருங்கள். வாசகங்களைச் செல்களில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் ஷீட்டில் பத்து வரி தமிழில் எழுதி வையுங்கள்: இந்த மேக்ரோ எதை எடுக்கிறது, என்ன கணக்குப் போடுகிறது, எங்கே எழுதுகிறது, எந்த நிபந்தனைக்கு ஏன் விதிவிலக்கு. நிரல் மொழிகள் மாறும், நிறுவனங்கள் மனம் மாறும், நீங்களும் வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள். உங்களுக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்காருபவர், அந்தப் பத்து வரியை வைத்துக்கொண்டு எந்தத் தளத்திலும் எந்த மொழியிலும் அந்த மேக்ரோவை மறுபடி எழுதிவிடுவார். இன்று மாலை அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் அந்தப் பத்து வரியை எழுதிவிடுங்கள்.